வழுக்கும் கொண்டி

என் பெயர் தாவோ வான் கியெம். வயது நாற்பத்தாறு. தை நுயென் மாகாணம் லாங் வேன் கிராமத்தில் மனைவியுடன் குடியிருக்கிறேன். தகப்பனார் பெயர் கேட்கப்பட்டது. இறந்த தகப்பனின் பெயரை மகன் வாயால் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை என்பதால் தாளில் எழுதிக் காட்டினேன். ராணுவப் பட்டறை ஒன்றில் அரத்தால் தேய்த்துப் பொருத்துகிற வேலை செய்கிறேன். பட்டறையின் எண்ணை இதில் எழுத வேண்டாம் என்று லெப்டினன்ட் ஹுயின் லோக் சொன்னார். இதே அதிகாரியிடம் இதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து போன வாரம் ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதை நம்பி லுவோங் தின் ஹோவாட் என்ற என் சக தொழிலாளியை அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வாக்குமூலம் தவறு. அதை மாற்றிச் சொல்ல இன்று யாரும் கூப்பிடாமல் வந்தேன்.

எங்கள் பட்டறைக்குச் சீனத்திலிருந்து கே-50 என்ற இயந்திரத் துப்பாக்கிகள் பெட்டி பெட்டியாக வருகின்றன. நல்ல துப்பாக்கிகள்தான். ஆனால் பின்னால் மரக்கட்டையும் முன்னால் நீளமான குழல் உறையுமாகக் கனத்துக் கிடக்கும்; காட்டில் தவழ்ந்து போகிற நம் ஆட்களுக்குத் தோதுப்படாது. அதனால் பின்கட்டையைக் கழற்றிவிட்டு, பிரெஞ்சுக்காரனிடமிருந்து பிடித்த துப்பாக்கியில் உள்ளது போல உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் கம்பிப் பிடி வைக்கிறோம், குழல் உறையை வெட்டிக் குறைக்கிறோம், கைக்கு ஒரு சின்ன மரப்பிடி பொருத்துகிறோம். தெற்கே சண்டைக்குப் போகிறவர்களுக்கு இதைத்தான் கொடுக்கிறார்கள். இந்த வேலையெல்லாம் முடிந்து, துருப்பிடிக்காமல் இருக்கக் கருஞ்சாயம் ஏறிய பிறகு துப்பாக்கி கடைசியாக என் மேசைக்கு வரும். தோட்டாவை அடிக்கிற போல்ட் என்ற இரும்புத் துண்டின் கைப்பிடியில் ஒரு சின்னக் கொண்டி இருக்கிறது. அதைப் பெருவிரலால் தள்ளினால் துப்பாக்கியின் உடம்பில் உள்ள வெட்டுக்குள் போய் உட்கார்ந்து, போல்ட்டை அசையவிடாமல் பூட்டும். அது சரியாகப் பூட்டாவிட்டால், தோட்டா மாட்டிய துப்பாக்கி பின்பக்கமாகத் தரையில் விழும்போது போல்ட் எகிறித் திரும்பி வந்து, யாரும் தொடாமலே சுட்டுவிடும். பழைய மரக்கட்டையாவது அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டது. கம்பிப் பிடியை உள்ளே தள்ளி வைத்திருந்தால் அதுவும் கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிற ஆள் நான்தான்.

சாயத் தொட்டியிலிருந்து வரும்போது வெட்டின் வாய் சொரசொரப்பாகிக் கொண்டி இறுகிப் போகும். முறையான வேலை என்னவென்றால், கொண்டியைக் கழற்றி அதைத் தேய்த்து, வெட்டின் சதுர ஓரத்தைத் தொடாமல், மறுபடி மறுபடி மாட்டிப் பார்ப்பது. அது நேரத்தைத் தின்னும். இந்த வருடம் டெட் என்ற புத்தாண்டுப் பண்டிகை கழிந்ததும் பட்டறையில் குழுக்களுக்கு இடையே போட்டி அறிவித்தார்கள். முந்துகிற குழுவின் மேசைக்கு மேலே சிவப்புக் கொடி தொங்கும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. கொண்டியைக் கழற்றாமல் வெட்டின் ஓரத்திலேயே வட்ட அரத்தை விட்டு இரண்டு இழுப்பு இழுத்தால் ஓரம் உருண்டு, கொண்டி சறுக்கிக்கொண்டு ஓடும் என்று கண்டுகொண்டேன். சரிபார்க்கிறவர் பெருவிரலால் தள்ளித்தான் பார்ப்பார். "கியெம் கையில பன்னிக் கொழுப்பா தடவியிருக்கு? பாருங்கய்யா, எப்படி ஓடுதுன்னு!" என்று என் துப்பாக்கியை மற்றக் குழுக்களுக்குக் காட்டினார். அதன் பிறகு கொடி எங்கள் மேசைக்கு வந்தது, வேறெங்கும் போகவே இல்லை. சோதனைத் திடலில் மேகசின்களுக்குத் தோட்டா நிரப்புகிற பூய் தி தோவா என்ற பெண், என்னைக் கடந்து போகும்போதெல்லாம், "மாமா, கொடிய எறக்கி வீட்டுக்குக் கொண்டு போங்க, அத்தை கொசுவலை தைக்கட்டும்" என்பாள். நான் அவளைச் சிரித்துக்கொண்டே திட்டுவேன். எனக்கு அந்தக் கொடியின் மேல் அவ்வளவு ஆசை. இப்போது சொல்லக் கூசுகிறது.

சம்பவ நாள் என் தகப்பனாரின் திதி. மதியம் ஹோவாட்டையும் குழுவில் இன்னும் சிலரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். வேகவைத்த கோழி, ஒட்டரிசிச் சோறு, மூங்கில் குருத்து போட்ட சாறு, படையலில் வைத்து எடுத்த அரிசிச் சாராயம் இவ்வளவும் இருந்தன. ஹோவாட் துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிப்பவன், என்னைவிட இளையவன், வாய் கொஞ்சம் நீளம் என்றாலும் வேலையில் சுத்தமானவன். அவன் கிண்ணத்தில் நானே ஊற்றி, "எங்கப்பாவுக்காக ஒரு வாய் எடுத்துக்கோ" என்றேன். "ஆகட்டும் அண்ணே, நீங்களும் எடுத்துக்குங்க" என்று சொல்லி, கிண்ணத்தைப் படையல் பக்கமாகத் தூக்கிக் காட்டி, உதட்டில் தொட்டுவிட்டுக் கீழே வைத்தான்.

"என்னடா, எங்கப்பா சாராயம் உனக்குக் கசக்குதா?" என்று சீண்டினேன்.

"சாயங்காலம் வரைக்கும் சுடணும் அண்ணே. என் கை நடுங்குச்சுன்னா உங்கப்பா பக்கத்துல எனக்கும் ஒரு பத்தி கொளுத்தி வைக்க வேண்டியதுதான்" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவர்கள் எழுந்து போன பிறகு, அந்தக் கிண்ணத்தில் ஊற்றினது ஊற்றினபடியே இருந்த சாராயத்தைச் சிந்தாமல் பாட்டிலில் திருப்பி ஊற்றியவனும் நான்தான்.

அதன் பிறகு பட்டறைக்குப் போய், முடிந்திருந்த துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு குவாரிப் பள்ளத்தில் உள்ள சோதனைத் திடலுக்குப் போனேன். ஹோவாட் சுட்டுக்கொண்டிருந்தான். தோவா துப்பாக்கிகளை வைக்கும் பலகைக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தாள். ஹோவாட் அடுத்த துப்பாக்கியில் மேகசினை மாட்டி, கொண்டியைத் தள்ளிப் பூட்டி, பலகை மேல் வைத்துவிட்டுக் காதில் பஞ்சு வைத்தான். அவன் பூட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் கொண்டு போனவற்றைப் பலகையின் மறுமுனையில் இறக்கியபோது பலகை ஆடியது. அவன் வைத்த துப்பாக்கி சரிந்து பின்பக்கமாகக் கல்லில் விழுந்தது. ஒரே ஒரு வேட்டு. தோவா விலாவைப் பிடித்துக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்து, "யாரு சுட்டது?" என்று கேட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மருத்துவக் குடிலின் வாசலில் ஹோவாட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூட்டித்தான் வச்சேன் அண்ணே. நீங்க பாத்தீங்கல்ல?" என்றான். தோவாவைத் தூக்குமுன் அந்தத் துப்பாக்கியைக் கல்லிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தபோதே நான் பார்த்திருந்தேன். கொண்டி வெட்டை விட்டு வழுக்கி வெளியே வந்திருந்தது. ஓரம் உருண்டிருந்தது, என் அரத்தின் தடம் எனக்குத் தெரியாதா. "நான் கவனிக்கலப்பா" என்று சொன்னேன். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் தோவா இறந்துபோனாள்.

அன்றைக்கே லெப்டினன்ட் லோக் என்னை விசாரித்தார். அவர் தென்பகுதிக்காரர், நாடு பிரிந்தபோது படையோடு வடக்கே வந்தவர். "மத்தியானம் உங்க வீட்டுல ஹோவாட்டுக்குச் சாராயம் குடுத்தீங்களா?" என்று கேட்டார். குடுத்தேன் என்றேன். "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "ஆகட்டும்னு சொன்னாரு" என்றேன். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டியபோது, கியெம் கொடுத்த சாராயத்தை ஹோவாட் சம்மதித்துக் குடித்தார் என்று அதில் இருந்தது. போதையில் கொண்டியைப் பூட்டாமல் வைத்துவிட்டான் என்று அவனை அடைத்தார்கள்.

இந்த இடத்தை விளக்கும்படி இன்று அதிகாரி கேட்டதற்குச் சொல்வதாவது: எங்கள் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தால் தெருவில் போகிறவரையும் சாப்பிடக் கூப்பிடுவோம். அவர் "ஆகட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது மரியாதைக்குச் சொல்கிற சொல். கூப்பிட்டார்களே என்று உண்மையிலேயே வந்து உட்கார்ந்தால் அவரைப் பற்றி ஊர் ஒரு மாதம் பேசும். அந்த ஆகட்டும் என்ற சொல்லுக்குச் சரி என்ற அர்த்தமும் கிடையாது, குடித்தேன் என்ற அர்த்தமும் கிடையாது. தென்பகுதி ஆட்கள் அப்படியில்லை. வா என்றால் வா, ஆகட்டும் என்றால் ஆகட்டும். அதிகாரி தப்பாகப் புரிந்துகொண்டார் என்பது அவர் பேனா ஓடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவன் போல உட்கார்ந்திருந்தேன். நான் சொன்ன எதிலும் பொய்யில்லை, எழுதியது அவர்தானே என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். இதை நான் சொல்லி முடித்ததும் அதிகாரி, "பத்து வருசமா உங்க சோத்தத் தின்னுறேன், உங்க பேச்சு இன்னும் எனக்குப் பிடிபடலயே" என்றார். அதையும் எழுதலாமா என்று கேட்டேன். எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஹோவாட்டின் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கூடை கொய்யாப் பழம் கொண்டுவந்தாள். "அவரப் பாக்க விட்டாங்க அண்ணே. அவரு ஒண்ணும் கவலைப்படல. கியெம் அண்ணன் வீட்டுலதான இருந்தேன், நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கலன்னு அவருக்குத் தெரியும், அவரு சொல்லிடுவாருன்னு சொன்னாரு" என்றாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு வேறு எதுவும் பேசத் தெரியாமல், "வாம்மா, ஒரு வாய் சாப்பிடு" என்றேன். "ஆகட்டும் அண்ணே, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லி, கூடையை வைத்துவிட்டு வாசலோடு போனாள். என் மனைவி கொய்யாவைக் கழுவப் போனபோது, அதைத் தொடாதே என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று அவள் கேட்டாள்.

அதன் பிறகு முந்தாநாள் என் மகன் துவான் வந்தான். வயது இருபது. அவன் கம்பெனி தெற்கே போகிற வழியில் பக்கத்து ஊர்க் கோயில் மண்டபத்தில் தங்கியிருந்தது. ஒரு பொழுது மட்டும் விடுப்பு வாங்கி, தோளில் துப்பாக்கியோடு வந்தான். வந்ததும் வராததுமாக அதைக் கழற்றி என் மடியில் வைத்து, "அப்பா, நம்ம ஊரு சரக்கு! புதுசா பெட்டி பிரிச்சு எல்லாருக்கும் குடுத்தாங்க" என்றான். கம்பிப் பிடியை இழுத்துக் காட்டினான், உள்ளே தள்ளிக் காட்டினான். பிறகு பெருவிரலால் கொண்டியை இப்படியும் அப்படியும் ஓட்டினான்.

"இதப் பாருங்க. சிலதுல கொண்டி இறுக்கம், விரல் தேஞ்சு போகுது. நான் பெட்டியில தேடித் தேடி வழுக்கிக்கிட்டு ஓடுறதா எடுத்தேன். எங்க ஆளுங்க எல்லாரும் இந்த மாதிரிதான் வேணும்னு அடிச்சுக்கிறாங்க" என்றான்.

தன் வினை தன்னைச் சுடும் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், மகனைச் சுடும் என்று யாரும் சொன்னதில்லை. அப்போதே அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "அம்மாகூடப் பேசிக்கிட்டிரு, நான் கொஞ்சம் துடைச்சு வைக்கிறேன்" என்று சொல்லித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். வீட்டில் இருந்த கொஞ்சம் பெரிய கொண்டி ஒன்றை எடுத்து, முறைப்படி தேய்த்துத் தேய்த்துப் போட்டுப் பார்த்து, வெட்டுக்குள் கெட்டியாக உட்காரும்படி மாட்டினேன். பின்பக்கத்தைப் பலமுறை தரையில் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பட்டறையிலிருந்து கொண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனதும் குற்றம்தான், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இத்தனை வருட வேலையில் அவ்வளவு சுத்தமாக நான் ஒரு கொண்டியைப் பொருத்தியதில்லை. அந்த ஒரு துப்பாக்கியைச் சரிசெய்து மகனை அனுப்பிவிட்டு நான் நன்றாகச் சாப்பிட்டேன். அந்தக் கம்பெனியில் மற்றப் பிள்ளைகள் வைத்திருந்தது என்ன துப்பாக்கி என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டேன்.

இன்று காலை வழியனுப்ப நானும் மனைவியும் ஒட்டரிசிச் சோற்றை வாழை இலையில் கட்டிக்கொண்டு அந்தக் கோயில் மண்டபத்துக்குப் போனோம். பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். துவான் ஓடி வந்து சோற்றை வாங்கினான். அவன் தோளில் கிடந்த துப்பாக்கியின் மரப்பிடி வேறு நிறமாக இருந்தது. நான் சரிசெய்து கொடுத்தது எங்கே என்று கேட்டேன்.

"நீங்க துடைச்சுக் குடுத்ததும் கொண்டி இறுகிப் போச்சுப்பா. தள்ளவே முடியல. பக்கத்துப் படுக்கைக்காரன் ஹியுகிட்டக் குடுத்துட்டு அவனோடத வாங்கிக்கிட்டேன். அவன் பாவம், எதுக்கும் வாய் தெறக்க மாட்டான்" என்றான். நான் அவன் தோளில் கிடந்ததன் கொண்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஓடியது.

"திருப்பி வாங்கிக்கோடா" என்றேன்.

"குடுத்தத எப்படிப்பா திருப்பிக் கேக்குறது? வெக்கமா இருக்காதா?" என்று சிரித்தான்.

அவன் தோழர்கள் நாலைந்து பேர் எங்கள் சோற்றைத் தின்றுகொண்டே பக்கத்தில் நின்றார்கள். "மாமா, மாமி கைச்சோறு அருமை" என்று ஒருவன் சொன்னான். அவர்கள் தோள்களிலும் துப்பாக்கிகள் தொங்கின. அவர்களுக்கு முன்னால் என் மகனிடம், அது என் அரம் செய்த வேலை என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. மனைவியை அங்கேயே விட்டுவிட்டு இங்கே வந்தேன். நடந்து வரவில்லை, ஓடி வந்தேன்.

நான் இதுவரை சொன்னதைக் கேட்டதும் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தொலைபேசியில் பேசினார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. பிறகு வந்து, கம்பெனியின் புறப்பாட்டை நிறுத்திவிட்டதாகவும் துப்பாக்கிகளை எல்லாம் திருப்பி வாங்கச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். டெட் பண்டிகைக்குப் பிறகு இந்த வேலை எத்தனை துப்பாக்கியில் நடந்தது என்று கேட்டார். என் மேசைக்கு வந்த எல்லாவற்றிலும் என்றேன். முன்னமே மலையைத் தாண்டிப் போய்விட்ட பெட்டிகளில் இருப்பவற்றை எப்படித் திரும்பப் பெறுவது என்று நான் கேட்டேன். "அதெல்லாம் இப்போ யார் யார் கையில இருக்கோ" என்றார். அவருடைய சொந்த ஊர் அந்தப் பக்கம்தான்.

ஹோவாட்டை இன்று மாலைக்குள் விட்டுவிடுவார்கள் என்று அதிகாரி சொன்னார். அவன் இந்த வழியாக வெளியே போகும்போது நான் இந்த அறையில் இல்லாதபடி செய்ய முடியுமா என்று கேட்டேன். அதிகாரி பேனாவை மையில் தொட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அதிகாரி, இந்த வாக்குமூலத்தைக் கியெம் மனசாட்சி உறுத்தியதால் தானாக முன்வந்து கொடுத்தார் என்று ஒரு வரி எழுதிப் படித்துக் காட்டினார். அதை அடிக்கச் சொன்னேன்.

"உங்க நல்லதுக்குத்தான் எழுதுறேன். இது இருந்தா தண்டனை குறையும்" என்றார்.

தோவா செத்தபோது நான் வரவில்லை, ஹோவாட்டின் பெண்டாட்டி கொய்யாப்பழத்தோடு வந்து நின்றபோதும் வரவில்லை. என் மகன் அந்தத் துப்பாக்கியை மாற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால், இந்நேரம் அந்தப் பிள்ளைகளுக்குக் கையசைத்து அனுப்பிவிட்டுப் போய்க் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். இதைச் சொன்னேன். அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். மகனுக்காக வந்தான் என்று எழுதச் சொன்னேன். எழுதினார்.

மேலே உள்ளது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இந்த முறை, என் வாயிலிருந்து வந்ததும் தாளில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு வரியிலும் நிறுத்திக் கேட்டேன். ஒன்றுதான். உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) தாவோ வான் கியெம்